மூடுபனி வளர்க்கும் காடு: சலாலா அருகே தர்பாத் பள்ளத்தாக்கின் பறவைகள்

கேள்வி இதுதான்: "சலாலாவில் வேலை கிடைத்திருக்கிறது. ஊரில் விடுமுறை நாள்களில் பைனாகுலரை எடுத்துக்கொண்டு குளக்கரைக்குப் போய்ப் பழகியவன். ஓமன் என்றால் பாலைவனம்தானே, அங்கே பறவை பார்க்க என்ன இருக்கிறது? தர்பாத் என்று ஒரு பள்ளத்தாக்கைச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில்தான் போக வேண்டும் என்கிறார்கள். உண்மையா?"

பார்க்க நிறைய இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில்தான் போக வேண்டும் என்பது பறவை பார்ப்பவர்களுக்குப் பொருந்தாது. அருவியும் பச்சையும் பார்க்க வருகிறவர்களுக்குச் சொல்லும் யோசனை அது. அந்தப் பள்ளத்தாக்கில் மழை எப்படிப் பெய்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்தப் பறவை எந்த மாதத்தில் எந்த மரத்தில் இருக்கும் என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதனால் முதலில் மழையைப் பற்றிச் சொல்கிறேன்.

சலாலா ஓமனின் தென்கோடியில், தோபார் மாநிலத்தில், அரபிக்கடலைப் பார்த்தபடி இருக்கிறது. நகருக்குப் பின்னால் ஒரு சமவெளி, அதற்குப் பின்னால் கடலுக்கு இணையாக ஒரு மலைத்தொடர். மேற்கே கமர் மலை, நடுவில் காரா மலை, கிழக்கே சம்ஹான் மலை. மலையைத் தாண்டி வடக்கே போனால் சாம்பிராணி மரங்கள் நிற்கும் வறண்ட ஓடைகள், அதற்கும் அப்பால் கல் பாலை, கடைசியில் ரூப் அல் காலி பெருமணல். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று ஆப்பிரிக்கக் கொம்புப் பக்கமிருந்து அரபிக்கடலில் வீசத் தொடங்கும். கேரளத்துக்கும் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் மழை கொண்டுவருகிற அதே காற்றுதான். ஓமன் கரையை அது ஒட்டி ஓடும்போது மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். மே மாதத்தில் வெதுவெதுப்பாக இருந்த கடல், கோடையின் உச்சத்தில் பல பாகை குளிர்ந்துபோகும்.

ஈரக்காற்று இந்தக் குளிர்ந்த நீரின் மேல் வரும்போது கனத்த பனிமேகமாகத் திரள்கிறது. ஆனால் அதனால் உயரே எழும்ப முடியாது. மேலே பாலைவனத்திலிருந்து வரும் சூடான உலர் காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்திருக்கும். இடி, மின்னல், கொட்டும் மழை எதுவும் வராமல், மேகம் தாழ்வாகவே தவழ்ந்து வந்து மலையின் கடல் பார்த்த முகத்தில் மோதி நின்றுவிடுகிறது. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை இந்த நிலைதான். உள்ளூரில் இதைக் கரீஃப் என்பார்கள். குற்றாலச் சாரலை நினைத்துக்கொள்ளுங்கள். அதையும் இன்னும் மென்மையாக்கி மூன்று மாதம் இடைவிடாமல் ஓடவிட்டால் கரீஃப்.

இவ்வளவு இருந்தும் மழை அளவு மிகக் குறைவு. சலாலா நகரில் ஆண்டு முழுவதும் சேர்த்துச் சுமார் 100 மில்லிமீட்டர்தான். மலையில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. நம் ஊரில் ஒரு நல்ல புயல் நாளில் பெய்துவிடும் அளவு இது. இதை வைத்துக்கொண்டு ஒரு காடு எப்படி நிற்கிறது?

காடு தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே பிடித்துக்கொள்கிறது. பனிமேகம் கிளைகளுக்கு நடுவே ஊர்ந்து போகும்போது நுண்ணிய நீர்த்துளிகள் இலையிலும் சுள்ளியிலும் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, சொட்டுகின்றன. ஆகஸ்டில் அங்கே ஒரு மரத்தடியில் நின்றால் தோள் நனைந்துவிடும். நாலடி தள்ளி வெட்டவெளிக்கு வந்தால் முகத்தில் ஈரம் படுமே தவிர மழை என்று சொல்ல முடியாது. மரத்தின் கீழ்மண் காலடி பதியும் அளவுக்குச் சேறு, வெளியே புல்லில் வெறும் பனி. மழைமானி காட்டும் அளவைவிட மரத்தடியில் இறங்கும் நீர் அதிகம் என்று ஆய்வாளர்கள் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். மரம் இல்லாவிட்டால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி மண்ணுக்கு வராமல் காற்றோடு போய்விடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடி வேண்டியிருக்கும்.

இந்த வேலையைச் செய்யும் முக்கிய மரம் நம்முடைய வெக்காலிக்குச் சொந்தக்காரன். நம் மலையடிவாரக் காடுகளில் வெக்காலி, நமை என்று சொல்கிறோமே, அந்தப் பேரினத்தைச் சேர்ந்த தோபார் வெக்காலி. தோபாரிலும் அதை ஒட்டிய ஏமனின் மஹ்ரா பகுதியிலும் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. கரீஃப் தொடங்கியதும் தளிர்க்கும். பனி விலகிய பிறகும் மண்ணில் சேர்ந்த ஈரத்தைக் கொண்டு சில மாதம் பச்சையாக இருந்துவிட்டு, கோடை வருமுன் இலையை உதிர்த்துவிடும். இதனோடு அத்தி இனத்தில் இரண்டு மூன்று வகைப் பெருமரங்கள், புளியமரம், இலந்தை, கருவேல இனங்கள். நம் ஊர் நர்சரியில் தொட்டியில் வைத்து விற்கும் அடீனியம் இங்கே பாறைச் சரிவில் தானாக வளர்ந்து, பானை போலப் பருத்த அடியோடு நின்று பூக்கிறது. முதன்முதலில் பார்க்கும் தமிழர் யாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் அதன் முன்னாலேயே நின்றுவிடுவார்கள்.

தும்ரைத் போகும் சாலையில் வடக்கு நோக்கி ஏறினால் இந்தக் காட்டின் எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூடுபனியில் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். ஒரு வளைவு தாண்டியதும் பனி சட்டென்று முடிந்து வெயில் கண்ணைக் கூசும். மரமும் புல்லும் சிறிது தூரத்திலேயே நின்றுபோய் வெறும் பழுப்பு நிலம் தொடங்கும். காட்டின் அகலம் அவ்வளவுதான்.

சரி, தர்பாத்துக்கு வருவோம். சலாலாவிலிருந்து கடற்கரையோரமாகக் கிழக்கே போனால் தாக்கா என்ற ஊர். அதைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பினால் பள்ளத்தாக்கின் வாய். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். உள்ளே போகப் போகப் பள்ளத்தாக்கு அகன்று, புல்வெளியும் நீரோடையும் குளம் போலத் தேங்கிய இடங்களுமாக இருக்கும். இரு பக்கச் சரிவிலும் காடு. ஓடை நீரில் சுண்ணாம்பு அதிகம். அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து படிந்து பள்ளத்தாக்கின் வாயில் சுமார் 100 மீட்டர் உயரச் சுவராக எழுந்து நிற்கிறது. நல்ல கரீஃப் ஆண்டில் நீர் நிரம்பி அந்தச் சுவரின் மேலிருந்து அருவியாக விழும். எல்லா ஆண்டும் விழாது. 2018 மே மாதம் மெகுனு புயல் சலாலாவைத் தாக்கியபோது பல ஆண்டு மழை சில நாளில் கொட்டி, அருவி வெள்ளக்காடாக விழுந்தது. காட்டை ஆண்டுதோறும் காப்பாற்றுவது சாரல். ஓடையையும் நிலத்தடி நீரையும் அவ்வப்போது நிரப்பிவிட்டுப் போவது இப்படி எப்போதாவது வரும் புயல்.

இனி பறவைகள். உங்களுக்கு முதலில் வியப்பாக இருக்கப்போவது, தெரிந்த முகங்கள் எவ்வளவு குறைவு என்பதுதான். மஸ்கட்டுக்குப் போயிருந்தால் உங்களுக்கு வீட்டில் இருப்பதுபோல் இருந்திருக்கும். ஊதாத் தேன்சிட்டு, பனங்காடை, கௌதாரி, பச்சைக்கிளி, வெண்தொண்டைச் சில்லை, எல்லாம் நம் ஊர்க் கூட்டம். வட ஓமன், பறவைக் கணக்கில், இந்தியாவின் மேற்குக் கோடி. அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர் பாலையைக் கடந்து சலாலாவுக்கு வந்தால் கூட்டமே மாறிவிடுகிறது. ஊதாத் தேன்சிட்டின் இடத்தில் பாலஸ்தீனத் தேன்சிட்டும் மினுங்கும் தேன்சிட்டும் இருக்கும். இந்தியச் சில்லையின் இடத்தில் ஆப்பிரிக்கச் சில்லை. இரண்டுக்கும் உருவ வேறுபாடு அவ்வளவு நுட்பமானது, வாலுக்கு மேலே உள்ள பிட்டம் வெள்ளையா கறுப்பா என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

காரணம் எளிது. ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் பிரிக்கும் பாப் அல் மந்தப் நீரிணை சுமார் 30 கிலோமீட்டர்தான் அகலம். அதைக் கடந்தால் ஏமன் மலைகள், அங்கிருந்து மலையோடு மலையாகக் கிழக்கே வந்தால் தோபார். மரமும் ஈரமும் உள்ள நிலம் இந்த வழியில் ஓரளவு தொடர்ந்து வருகிறது. தோபாருக்குக் கிழக்கே சம்ஹான் மலையைத் தாண்டியதும் அது முடிந்துவிடுகிறது. ஆகவே பல ஆப்பிரிக்கப் பறவைகளுக்கு இதுதான் கிழக்கு எல்லை. மழை நம்முடைய பருவக்காற்றின் மழை, பறவையோ ஆப்பிரிக்காவின் பறவை. இந்தச் சேர்க்கைக்காகவே தர்பாத்தை உயிருள்ளவரை பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பேன்.

முதலில் அத்திமரத்தடிக்குப் போங்கள். தர்பாத்தில் பாதிப் பறவையைக் காட்டிக்கொடுப்பது அத்திதான். பழுத்த அத்தியின் கீழே நின்று மேலே பார்க்காமல் கொஞ்சநேரம் தரையைப் பாருங்கள். பாதி கடித்த பழம் ஒன்று பொத்தென்று விழும். காற்று இல்லாதபோது பழம் விழுகிறதென்றால் மேலே பச்சைப்புறா இருக்கிறது. ஆப்பிரிக்காவின் புரூஸ் பச்சைப்புறா இது. தலையும் மார்பும் சாம்பல் கலந்த பச்சை, வயிறு பளிச்சென்ற மஞ்சள், தோளில் ஊதாத் திட்டு. இவ்வளவு நிறம் இருந்தும் இலைக்குள் அசையாமல் உட்கார்ந்துவிட்டால் பைனாகுலருக்கும் அகப்படாது. பழத்தை எட்டிப் பறிக்கக் கிளையில் தலைகீழாகத் தொங்கும்போதுதான் அந்த மஞ்சள் தெரியும். ஏறத்தாழ முழுக்க முழுக்க அத்தியை நம்பி வாழும் புறா. பெரும்பாலும் ஏப்ரல் வாக்கில் வந்து அக்டோபரில் போய்விடும்.

அதே ஏப்ரல், மே மாதங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் இன்னொன்று சாம்பல்தலை மீன்கொத்தி. பெயரில்தான் மீன் இருக்கிறது, மீன் பிடிப்பதே அரிது. வெட்டுக்கிளி, பல்லி, வண்டு இவைதான் உணவு. மங்கிய சாம்பல் தலை, கறுத்த முதுகு, செங்காவி வயிறு, சிவந்த அலகு. பறக்கும்போது மட்டும் சிறகும் வாலும் நீலமாக வெடிக்கும். ஓடைக்கரை மண்சுவரில் வளை தோண்டிக் கூடு வைக்கும். பனி தொடங்குவதற்கு முன்பே வந்து இடம்பிடித்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். காடு மொட்டையாக, மண் தூளாக இருக்கும்போதே வந்து, வரப்போகிற பூச்சிப் பெருக்கத்தை நம்பிக் குடும்பம் தொடங்குகிற பறவை இது.

நீரோரத்துக் கிளைகளில் ரூப்பெல் தூக்கணாங்குருவியின் கூடுகள் தொங்கும். ஆண் மஞ்சள், முகம் மட்டும் செம்பழுப்பு. நம் ஊர்த் தூக்கணாங்குருவியின் நீண்ட சுரைக்குடுவை போன்ற கூடு இல்லை, இது உருண்டையானது, வாயில் கீழ்ப்பக்கம். இந்தக் கூட்டங்களுக்குப் பக்கத்தில் நின்று காதைத் தீட்டுங்கள். 'டீ, டீ, டீ, டீ-டெ-ரிக்' என்று தேய்ந்து முடியும் ஒரு குரல் வந்தால் டீடெரிக் குயில் வந்துவிட்டது என்று பொருள். பச்சையும் செம்பும் மினுங்கும் சிறிய குயில், இதுவும் கோடை விருந்தாளி. நம் குயிலுக்குக் காக்கை எப்படியோ, இதற்குத் தூக்கணாங்குருவி. பெண்குயில் சற்றுத் தள்ளி ஒளிந்திருக்கும். கூட்டுக்காரர்கள் கவனம் கலைந்த சில நொடியில் உள்ளே போய் ஒரு முட்டையை வைத்துவிட்டு வெளியேறிவிடும். குயில் இருப்பதைத் தூக்கணாங்குருவிகள் கண்டுபிடித்துவிட்டால் காலனி முழுவதும் சேர்ந்து துரத்தும். அந்தக் கூச்சல்தான் குயிலைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எளிய வழி.

காட்டுக்குள் சற்று அடர்த்தியான நிழலில் ஆப்பிரிக்க அரசவால் ஈப்பிடிப்பான். நம் ஊர் அரசவாலின் பங்காளிதான். கறுத்த தலை, செம்பழுப்பு முதுகு, நீண்ட வால். ஆண்டு முழுவதும் இங்கேயே இருக்கும். கருவேலங்களில் கூட்டமாக இலைதடவிப் போகும் அபிசீனிய வெள்ளைக்கண்ணியும் அப்படித்தான். புதரடியில் மறைந்துகொண்டு, ஆள் விசிலடிப்பதுபோல் இழுத்து இழுத்துப் பாடுகிற கருந்தலைப் புதர்க்கீச்சானை நீங்கள் பலமுறை கேட்ட பிறகுதான் ஒருமுறை பார்ப்பீர்கள். பொறுமையாக இருங்கள். பாட்டு முடிந்ததும் புதரின் மேல்கிளைக்கு வந்து எட்டிப்பார்க்கும் வழக்கம் உண்டு.

திறந்த இடங்களில் டிரிஸ்டிராம் மைனாவைத் தவறவிடவே முடியாது. மினுங்கும் கறுப்பு. பறந்தால் சிறகில் ஆரஞ்சுத் திட்டு. பாறை இடுக்குகளில் கூடு. ஒட்டகத்தின் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கும். கற்சரிவுகளில் அரேபியக் கௌதாரி, கறுப்பு வாலை விரித்து விரித்து மூடும் கருவாலி, அண்டங்காக்கையைவிட வால் குறுகிய விசிறிவால் காக்கை. வானில் போனெல்லிக் கழுகும் பாம்புக்கழுகும். இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம், நீங்களே கண்டுபிடிப்பது நல்லது.

ஒரு பறவையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்: அரேபியப் பொன்சிறகுக் குருவி. தடித்த அலகும் சிறகில் மஞ்சள் பட்டையும் கொண்ட விதைதின்னி. தெற்கு, தென்மேற்கு அரேபிய மலைகளைத் தவிர எங்கும் கிடையாது, எண்ணிக்கையும் குறைவு. கள்ளி இனச் செடிகளும் கருவேலும் கலந்த ஓடைச்சரிவுகளில் அமைதியாகக் கொறித்துக்கொண்டிருக்கும். ஒன்றைப் பார்த்தால் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு திரும்பப் போங்கள், பழகிய இடத்தை எளிதில் விடாது.

இரவில் இரண்டு ஆந்தைகள். ஒன்று அரேபியச் சின்ன ஆந்தை. ஆப்பிரிக்க இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டுவந்த இதைத் தனி இனமாகப் பிரித்தது அண்மைக்காலத்தில்தான். மரப்பட்டை நிறம், சில நொடிக்கு ஒருமுறை வரும் கரகரத்த சின்னக் குரல். மற்றது புள்ளிக் கொம்பன் ஆந்தையின் அரேபிய வகை. இவற்றுக்காகச் செல்போனில் குரலைப் போட்டுக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. நீங்கள் செய்யாதீர்கள். சிறிய பள்ளத்தாக்கு, பார்க்க வருகிறவர்கள் நிறைய. ஒவ்வொருவரும் ஒருமுறை போட்டாலே ஆந்தைக்கு இரவெல்லாம் எதிரியைத் தேடுவதே வேலையாகிவிடும். மரத்தடியில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தாலே குரல் கேட்கும்.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி, எப்போது போவது?

ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். பனியில் இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, பைனாகுலர் கண்ணாடி ஓயாமல் நனையும். வளைகுடா நாடுகள் எங்கிருந்தும் சாரலுக்காக லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள். பள்ளத்தாக்குச் சாலையில் கார் வரிசை நகராது. பறவைகள் இருக்கும், நீங்கள் கேட்பீர்கள், பார்க்க மாட்டீர்கள். சமவெளிப் புல்வெளியில் பாடும் புதர் வானம்பாடி மட்டும் அந்தக் காலத்துக்கே உரியது. அதற்காக ஒரு காலை ஒதுக்கலாம்.

செப்டம்பர் பின்பாதியும் அக்டோபரும்தான் தர்பாத்தின் பொற்காலம். தோபார்க்காரர்கள் ஸர்ப் என்று சொல்லும் பருவம். பனி விலகி வெயில் விழும், காடு முழுப் பச்சையில் இருக்கும், புல் இடுப்புயரம் நிற்கும், பூச்சி கொழிக்கும். கோடை விருந்தாளிகள் இன்னும் கிளம்பியிருக்காது, வலசை வரும் பறவைகள் வடக்கிலிருந்து இறங்கத் தொடங்கியிருக்கும். கரீஃபின்போது வழுக்கும் சேற்றுக்கும் கடிக்கும் ஈக்கும் பயந்து சமவெளிக்கு ஓட்டிச்சென்ற ஒட்டகங்களும் இப்போதுதான் மலைக்குத் திரும்பும். சாலையில் அவை நடுவில் நிற்கும், மாலையில் மெதுவாக ஓட்டுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்கால வரவுகள். மலைக்காட்டைவிடக் கடற்கரைப் பக்கம் இப்போது சுவையானது. தர்பாத்தின் நீர் போய்ச்சேரும் ரோரி கழிமுகத்தில் பூநாரை, அரிவாள் மூக்கன், வாத்துகள், சில ஆண்டுகளில் நம் ஊர் நீளவால் இலைக்கோழியும். வயல்களில் செங்கால் நாரை. சலாலாவை அடுத்த ரைசூத் பக்கம் ஸ்டெப்பிக் கழுகுகள் நூற்றுக்கணக்கில் கூடும். குப்பைக் கிடங்கைத் தேடித்தான் வருகின்றன, காட்சி அழகாக இருக்காது, ஆனால் அத்தனை கழுகுகளை ஒரே இடத்தில் பார்ப்பது அரிது.

ரோரி கழிமுகக் கரையில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. சாம்பிராணி ஏற்றுமதிக்காக எழுந்த ஊர், யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். இங்கே இத்தாலிய அகழாய்வுக் குழு தோண்டியபோது தமிழ்ப் பிராமியில் கீரன் என்ற பெயர் எழுதிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 2,000 ஆண்டுக்கு முந்தையது. பறவை பார்க்க வருகிற நாளில் ஒரு மணி நேரம் அங்கேயும் ஒதுக்குங்கள். மதில்மேல் நின்றால் கழிமுகம் முழுவதும் தெரியும், பூநாரை எண்ணவும் வசதி.

மார்ச் முதல் மே வரை வறட்சி. வெக்காலி மொட்டையாக நிற்கும். பலரும் இதைச் செத்த காலம் என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. இலை இல்லாததால் பறவை தெளிவாகத் தெரியும். பச்சையாக இருக்கும் அத்தியும் வற்றாத ஊற்றும்தான் புகலிடம் என்பதால் எல்லாம் அங்கேயே குவியும். தர்பாத்துக்கு மேற்கே சமவெளி விளிம்பில் உள்ள ஹம்ரான் ஊற்று இந்த மாதங்களில் அருமையான இடம். மலைமேல் தாவி அத்தைர் என்ற இடத்தில் 211 மீட்டர் ஆழமுள்ள இயற்கைக் குழி இருக்கிறது. ஏமன் விதைக்குருவி தன் மற்றக் கூட்டத்திலிருந்து வெகுதூரம் பிரிந்து அதன் சுவர்களில் வாழ்கிறது. அப்படியே சம்ஹான் மலைவிளிம்புக்குப் போனால் வெரோ கழுகு கிடைக்க வாய்ப்புண்டு.

போகும்போது சில எச்சரிக்கைகள். ஓடைநீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும். நன்னீர் நத்தை வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் இந்தப் பகுதி ஓடைகளில் இருந்திருக்கிறது. வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை, கூட்டம் சேரும். அந்த நாள்களில்தான் முடியும் என்றால் விடியலில் போய் ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள். படகுத்துறை, உணவகம் இருக்கும் பகுதியைத் தாண்டி மேலே நடந்தால் வேறு உலகம்.

அங்கே நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல மரங்களின் அடிக்கிளைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் கத்தரித்துவிட்டதுபோல் இருக்கும். அது ஒட்டகத்தின் கழுத்து எட்டும் உயரம். அதற்குக் கீழே இலையும் இல்லை, பல இடங்களில் இளங்கன்றும் இல்லை. இந்த மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக மாடும் ஒட்டகமும் வளர்த்தவர்கள். அரேபியாவில் மாடு வளர்க்கும் மலையினத்தார் அபூர்வம். முன்பு வறண்ட மாதங்களில் தண்ணீரும் தீவனமும் கிடைப்பதுதான் மந்தையின் அளவைக் கட்டுக்குள் வைத்தது. 1970களின் நடுவில், ஓமன் அரசுக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் நடந்த தோபார் போர் முடிந்தபின் சாலை வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது, லாரியில் தீவனம் வந்தது. மக்களுக்கு வாழ்க்கை எளிதானது, அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மந்தை பெருகிவிட்டது, காடு அதே அளவில்தான் இருக்கிறது.

மரம் பனியைப் பிடிப்பதைச் சொன்னேனே, அதை இங்கே பொருத்திப்பாருங்கள். கிழமரம் ஒன்று சாய்ந்து அந்த இடத்தில் கன்று எழாவிட்டால் புல் வரும். புல் தாழ்ந்தது, மரத்தின் உயரத்துக்குப் பனியைத் துழாவ அதனால் முடியாது, மண்ணில் இறங்கும் நீர் குறைந்துவிடும். பிறகு கன்றை நட்டாலும் வேலி போட்டாலும், பழைய ஈரம் இல்லாத இடத்தில் அது எழுவது கடினம். நம் ஊரில் வெட்டிய காடு மழை பெய்தால் தழைக்கும் என்ற நம்பிக்கையை இங்கே கொண்டுவர முடியாது. சுற்றுலாக் குப்பையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் என்னைக் கேட்டால், குப்பையை ஒரு வாரத்தில் அள்ளிவிடலாம், முளைக்காமல் போன ஒரு தலைமுறை வெக்காலியை அப்படி மீட்க முடியாது. அதிலும் அத்தி ஒன்று போனால் பச்சைப்புறாவுக்கு வேறு வழியே இல்லை.

இன்னொரு பக்கம் நமக்கு நன்றாகத் தெரிந்த ஆள்கள் புகுந்திருக்கிறார்கள். நம் ஊர்க் காக்கையும் நாட்டு மைனாவும் சலாலாவில் பெருகிவிட்டன. சமவெளியில் சீமைக்கருவேலம் வேறு. ஊரில் இவை பழகிய காட்சி, அங்கே இவை அந்நியர்கள். காக்கை மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் விடாது. மைனா பொந்துகளைப் பிடித்துக்கொள்ளும். தர்பாத்தின் உணவகப் பகுதியில் காக்கை, மைனா தென்படுவதையும், அதைத் தாண்டிக் காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதையும் நீங்கள் குறித்துவைத்தால் பயனுள்ள வேலையாக இருக்கும். இணையத்தில் பறவைப் பதிவுகளுக்கென்று இருக்கும் ஈபேர்ட் தளத்தில் பதிவிடுங்கள். ஓமனில் பறவைக் கணக்கு இத்தனை தூரம் வந்ததே இப்படி வேலைக்கு வந்தவர்களும் உள்ளூர் ஆர்வலர்களும் குறித்துவைத்ததால்தான். 1977இல் தோபாரின் செடிகொடி, விலங்கு, பறவைகளுக்கென்று ஒரு பெரிய கள ஆய்வு நடந்தது. அதன்பிறகு சேர்ந்த தரவில் பெரும்பகுதி தனியாள்கள் கொடுத்தது.

கடைசியாக, எந்தப் பைனாகுலர் என்பது. நீர்புகாத 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முகப்புக் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும். 10×50 எடுத்துப்போனால் மரநிழலில் கனமும் நடுக்கமும்தான் மிஞ்சும். கழிமுகத்துக்கு மட்டும் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் நல்லது, அதை அங்கே போனபின் பறவை பார்க்கும் யாராவது பழக்கமானதும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கையேட்டைப் பொறுத்தவரை இந்தியப் பறவைகள் நூலை வீட்டிலேயே வைத்துவிட்டு, அரேபியத் தீபகற்பப் பறவைகளுக்கான ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.